கோப்பியோடை வந்த தண்ணிக் கான்

குசினிக்குள்ளையிருந்து புகை வந்தால் எங்கடை வீட்டிலை ஒருத்தரும் பயப்பிடுறேல்லை. கோப்பி வறுபடுகுது எண்டு நினைச்சுக்கொண்டு தங்கடை பாட்டிலை இருப்பினம். அண்டைக்குக் காலமை நானும் அப்பிடித்தான், முத்தத்திலை கதிரையளைத் துடைச்சு அடுக்கிக்கொண்டு நிண்டன்.

பிறகுதான் திடுக்கிட்டன். எங்கடை கோப்பிக் கொட்டை முடிஞ்சு கன நாளாச்சு. அப்ப உள்ளுக்கை வறுபடுறது என்ன?

விழுந்தடிச்சுக்கொண்டு ஓடினன். அடுப்படியிலை பூமணி மச்சாள், என்ரை அண்ணையின்ரை மனிசி, சீலைத் தலைப்பை இடுப்பிலை செருகிக்கொண்டு இரும்புத் தாச்சியைக் கிண்டுறா. தாச்சிக்குள்ளை கொட்டையெல்லாம் கன்னங்கரேலெண்டு, எண்ணெய் கக்கி மினுங்குது. பக்கத்துச் சுளகிலை வறுத்த மல்லி, வேர்க்கொம்புச் சுக்கு, மிளகு எல்லாம் கோப்பியோடை சேர்த்து இடிக்க ஆயத்தமாக் கிடக்குது.

"மச்சாள், உது எந்தக் கொட்டை?"

"பிள்ளை கொண்டந்து அலுமாரிக்குள்ளை வைச்ச பைதான். பச்சையாக் கிடந்தது, பாவம், அவளுக்கு வறுக்க நேரமில்லையாக்கும் எண்டு நினைச்சன். வாறவைக்கு நல்ல கோப்பியாக் குடுக்க வேணுமெல்லே, அதுதான் கொஞ்சம் கூட வறுத்தனான். பாரன், என்ன வடிவாக் கறுத்திருக்கு!"

அப்பிடியே பலகையிலை குந்தியிட்டன்.

வாறவை எண்டு மச்சாள் சொன்னது, எங்கடை மகள் தர்சினியைப் பெண் கேட்டு மலையிலையிருந்து வாறவையை. அந்தப் பையிலை இருந்தது அவையின்ரை சொந்தக் காணியிலை விளைஞ்ச அராபிக்காக் கொட்டை. அந்தப் போகத்திலை திறமானதைப் பொறுக்கி, தர்சினியின்ரை கையிலை முன்கூட்டியே குடுத்துவிட்டவை. மாப்பிள்ளைப் பொடியன் மோகன் வந்து, அதைத் தானே இளம் மண்ணிறமா வறுத்து, அரைச்சு, என்ரை அண்ணைக்குத் தன்ரை கையாலை ஊத்திக் குடுக்கிறது எண்டுதான் ஏற்பாடு.

இனி ஊத்திக் குடுக்க ஒரு கொட்டையும் மிச்சமில்லை. தர்சினி தலை இழுத்துக்கொண்டு அறைக்குள்ளையிருந்து வந்தவள், தாச்சியைப் பாத்தாள். "ஐயோ மாமி!" எண்டு ஒரு சத்தம். சீப்பு அந்தப் பக்கம், அவள் இந்தப் பக்கம்.

மச்சாளுக்கு ஒண்டும் விளங்கேல்லை. "ஏனடி பிள்ளை, இன்னும் கறுக்க வேணுமோ?" எண்டு கேட்டா.

அண்ணை குடிச்சால் ஓம்

இந்த இடத்திலை கொஞ்சம் நிப்பாட்டி வேறை கதை சொல்ல வேணும். போன கிழமை நான் எழுதின கூழ்க் கதையை வாசிச்சுப்போட்டு ஒருத்தர், "நீங்கள் ஏன் எந்த நேரமும் சாப்பாட்டையே எழுதுறியள்?" எண்டு கேட்டிருக்கிறார். ஐயா, இந்தக் கிழமை சாப்பாடு இல்லை, குடிப்பு. சந்தோசமோ?

என்ரை அண்ணை இணுவிலிலை தோட்டக்காரர். வெங்காயம், புகையிலை, வாழை. ஆள் நெடுவல், கதை குறைவு. அவர் கதைக்காத மிச்சத்தையெல்லாம் சேர்த்து நான் கதைக்கிறன் எண்டு என்ரை மனிசன் சொல்லுவார். இவர் சொல்லுறதிலை உண்மை இல்லாமலும் இல்லை. நான் பள்ளிக்கூடத்திலை இரசாயனம் படிப்பிச்சனான், வாய் பழகிப்போச்சு.

எங்கடை குடும்பத்திலை கலியாணப் பேச்செண்டால் அண்ணை வாயாலை ஓம் எண்டும் சொல்லுறேல்லை, இல்லை எண்டும் சொல்லுறேல்லை. வந்த ஆக்களோடை இருத்தி அவருக்கு முன்னாலையும் ஒரு பேணி கோப்பி வைப்பம். குடிச்சாரெண்டால் விசயம் சரி. குடிக்காமல் விட்டாரெண்டால், வந்தவை பலகாரத்தை முடிச்சுக்கொண்டு போக வேண்டியதுதான்.

சும்மா சொல்லேல்லை. எங்கடை சின்னம்மாவின்ரை மகளுக்கு ஒரு பெரிய இடத்துச் சம்பந்தம் வந்தது. கார், பட்டுவேட்டி, லண்டன் கதை. அண்ணை எல்லாத்தையும் கேட்டுக்கொண்டு இருந்தார். முன்னாலை பால்கோப்பி ஆறி, ஆடை பிடிச்சு, அதிலை ஒரு இலையான் வந்து இருந்திட்டுப் போச்சுது. அவர் தொடவேயில்லை. அதோடை முடிஞ்சுது.

பிறகு நான் ஆய்க்கினைப்படுத்திக் கேட்டன், ஏன் அண்ணை குடிக்கேல்லை எண்டு. "வந்தவை பிள்ளையைப் பாக்கேல்லை. கிணத்தடி மட்டும் காணியை அளந்துகொண்டு இருந்தவை," எண்டார். அவ்வளவுதான்.

எங்கடை ஊரிலை ஆர் வீட்டிலை தண்ணி குடிக்கலாம், ஆர் வீட்டிலை குடிக்கப்படாது எண்டு ஒரு பெரிய சட்டப்புத்தகமே எல்லாற்றை தலைக்குள்ளையும் இருந்தது. இப்ப இல்லை எண்டு மேடையிலை சொல்லுவினம். கலியாணம் எண்டு வரட்டும், அப்ப பாருங்கோ, தூசி தட்டி வெளியிலை எடுப்பினம்.

தர்சினியின்ரை விசயம் வெளியிலை வந்த உடனை கனடாவிலையிருந்து ஒரு சொந்தக்காரி போன் எடுத்து, "என்னடியப்பா, போயும் போயும் மலைநாட்டிலையோ?" எண்டா. பிறகு அந்தச் சனத்தைப் பற்றி எங்கடை ஆக்கள் வாய் கூசாமல் சொல்லுற ஒரு சொல்லையும் சொன்னா. அந்தச் சொல்லை நான் இங்கை எழுத மாட்டன். போனை வைச்சுப்போட்டன். பிறகு இன்னும் நாலு வார்த்தை கேட்டிருக்கலாமெண்டு பின்னேரம் முழுக்க மனம் அடிச்சுக்கொண்டது.

அண்ணையிட்டை நானே போய்ச் சொன்னன். அவர் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு நிண்டார். "வரட்டும். பாப்பம்," எண்டார்.

எனக்கும் இவருக்கும் சம்மதம். ஆனால் தர்சினி ஒரே பிடியா நிண்டாள். "மாமா மனசோடை நிண்டு நடத்தி வைச்சால்தான், அம்மா. மாமா வராத கலியாணம் எனக்கு வேண்டாம்." அதுக்குக் காரணம் இருக்கு. சண்டைக்குப் பயந்து ஊரோடை எல்லாரும் இடம்பெயர்ந்து தென்மராட்சிப் பக்கம் நடந்தம் பாருங்கோ, அந்த மழைக்குள்ளை, கைக்குழந்தையா இருந்த இவளைத் தன்ரை சேட்டுக்குள்ளை வைச்சுப் பொத்திக்கொண்டு சைக்கிள் உருட்டினது மாமன்தான். அந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு வளந்த பிள்ளை.

அதாலை எல்லாம் அந்த ஒரு பேணி கோப்பியிலை வந்து நிண்டுது. அதைத்தான் மச்சாள் கரியாக்கி வைச்சிருக்கிறா.

"புளிக்குது!"

அந்தக் கொட்டை விளைஞ்ச இடத்தை நான் என்ரை கண்ணாலை பாத்தனான்.

தர்சினி விவசாயம் படிச்சுப்போட்டு மலைநாட்டிலை வெலிமடைப் பக்கம் வேலை செய்யிறாள். அவளைப் பாக்கிற சாட்டிலை நானும் இவரும் ஒருக்கால் போனம். யாழ்ப்பாணத்துப் பஸ்நிலையத்திலை ஏறேக்கை முதுகாலை வேர்வை ஓடினது. மேலை போய் இறங்கேக்கை பல்லு அடிச்சுது. இவர் துவாயைத் தலையிலை சுத்திக்கொண்டு, "இது ஊரோ, ஐஸ்பெட்டியோ?" எண்டார்.

மோகன் வீடு சரிவிலை இருக்கு. தகப்பன் இல்லை. தாய் பார்வதி அம்மா கன காலம் தேயிலைத் தோட்டத்திலை கொழுந்து எடுத்தவா. இப்ப தாயும் மகனும் வீட்டுக்குப் பின்னாலை இருக்கிற துண்டு நிலத்திலை, நிழல் மரங்களுக்குக் கீழை கோப்பி வைச்சிருக்கினம்.

நான் கோப்பிச் செடியை அதுக்கு முதல் கிட்டப் பாத்ததில்லை. கடும்பச்சை இலை, எண்ணெய் பூசின மாதிரி. கொப்பு முழுக்கக் காய். ஒரே கொப்பிலை பச்சையும் இருக்கும், மஞ்சளும் இருக்கும், நல்ல சிவப்பும் இருக்கும். சிவப்பை மட்டும்தான் பிடுங்குறது. மற்றதுகளுக்காக இன்னொரு நாள், பிறகும் இன்னொரு நாள் எண்டு அதே செடியிட்டைத் திரும்பத் திரும்ப வருவினம். குளிருக்கை அது மெல்ல மெல்லத்தான் பழுக்குமாம். அந்த அவசரமில்லாத ஆறுதல்தான் உள்ளுக்கிருக்கிற ருசி எண்டாள் தர்சினி. பழத்தை வாயிலை போட்டுப் பாத்தன். மெல்லிசா ஒரு இனிப்பு.

பிறகு கையாலை சுத்துற மெசினிலை போட்டுத் தோலைக் கழட்டினம். உள்ளுக்கை வழுவழுவெண்டு இரட்டைக் கொட்டை. அதைத் தொட்டியிலை ஊற விட்டு, அடுத்தநாள் காலமை ஊத்துத் தண்ணி விட்டுக் கழுவுகினம் பாருங்கோ, அதைப் பாக்க வேணும். பார்வதி அம்மா முழங்கை மட்டும் தண்ணிக்குள்ளை விட்டுக் கொட்டையை அளைஞ்சு அளைஞ்சு கழுவினா. தண்ணி கலங்கினால் ஊத்திப்போட்டுப் புதுத்தண்ணி. விறைக்கிற தண்ணி. நான் விரலை விட்டுப்போட்டு ஐயோ எண்டு எடுத்திட்டன்.

"எப்ப நிப்பாட்டுவியள்?" எண்டு கேட்டன்.

அவா ஒரு பிடி அள்ளி என்ரை கையிலை வைச்சு மூடிவிட்டா. "வழுக்குதுங்களா?"

"இல்லை. சொரசொரக்குது."

"அப்ப போதும்ங்க," எண்டு சிரிச்சா.

அதை வலைத்தட்டிலை பரப்பிக் காய வைப்பினம். வெயில் வந்தால் திறப்பு, பனிப்புகார் வந்தால் மூடு. நான் இருந்த நேரத்துக்குள்ளையே எத்தினை தரம் ஓடி ஓடி மூடினவா எண்டு சொல்லேலாது. எங்கடை அண்ணை புகையிலை காயப்போட்டுப்போட்டு வானத்தைப் பாத்துக்கொண்டு இருக்கிற இருப்பு எனக்கு ஞாபகம் வந்தது.

பிறகு மோகன் கோப்பி ஊத்தித் தந்தான். கறுப்பில்லை. கண்ணாடிக் கோப்பையிலை தேத்தண்ணி மாதிரிச் சிவப்பு. பாலும் இல்லை, சீனியும் இல்லை. நான் ஒரு முறடு குடிச்சுப்போட்டு, வாயை அடக்கத் தெரியாமல், "புளிக்குது!" எண்டிட்டன். "தேசிக்காய் விட்டனியோ தம்பி?"

இவர் காலாலை என்ரை காலை மிதிச்சார். மோகன் கோவிக்கேல்லை. "கொஞ்சம் ஆற விடுங்கம்மா," எண்டான்.

ஆற விட்டுக் குடிச்சன். அட கடவுளே! புளிப்பு எங்கையோ போய், தோடம்பழத் தோலை நசிச்ச ஒரு வாசம் வந்தது. பிறகு ஒரு தேன் இனிப்பு. விழுங்கினாப் பிறகும் தொண்டைக்குள்ளை நிண்டுது. இவ்வளவு நாளும் கோப்பி எண்டு நான் குடிச்சது மல்லியையும் வேர்க்கொம்பையும்தான் எண்டு அப்பதான் விளங்கினது. எங்கடை கோப்பியைக் குறை சொல்லேல்லை. தடிமனுக்கும் மழைக்கும் செத்தவீட்டுக்கும் அதை அடிக்க ஒண்டும் கிடையாது. ஆனால் இது வேறை சாமான். நான் அதிலை மயங்கிப்போனன், மறைக்கிறதுக்கு என்ன கிடக்கு?

அந்த மலையிலை தேயிலைக்கு முதல் கோப்பிதானாம். வெள்ளைக்காரன் காலத்திலை மலை மலையாக் கோப்பி வைச்சு, பிறகு இலையிலை ஒரு நோய் வந்து எல்லாம் அழிஞ்சு, தேயிலைக்கு மாறினவை. பார்வதி அம்மா சொன்னா, "எங்க பாட்டன் பூட்டனெல்லாம் கோப்பிக் காலத்துல வந்தவங்கதாங்க. மன்னார்ல எறங்கி, காட்டு வழியா நடந்தே வந்தாங்களாம். வழியில தண்ணி இல்லாமலே நெறையப் பேரு போயிட்டாங்களாம்." அதைச் சொல்லிப்போட்டு அவா தன்ரை பாட்டிலை கொட்டையைக் கிளறினா. எனக்குத்தான் ஒரு மாதிரிப் போச்சுது.

நான் ஒரு பிஸ்கற் பேணி நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டு போனனான். வெளிக்கிடேக்கை அந்தப் பேணியைத் திருப்பித் தந்தா. பாரமா இருந்தது. திறந்து பாத்தால் கோப்பிக் கொட்டை.

"வெறும் பாத்திரமாக் குடுக்கக் கூடாதுங்கம்மா. ஒறவு அத்துப் போயிரும்னு சொல்லுவாங்க."

"எங்கடை ஊரிலையும் உதே கதைதான்!" எண்டன். பக்கத்து வீட்டுச் சட்டியை நாங்களும் நாலு செத்தல் மிளகாயாவது போடாமல் திருப்பிக் குடுக்கிறேல்லை. வெறுமையா ஒரு ஏனம் திரும்பி வந்தால், அங்கை கோவம் எண்டு அர்த்தம்.

கேத்திலின்ரை அடி

லீவெடுத்து எங்களோடை வீட்டை வந்த தர்சினி அந்தப் பேணிக் கொட்டையை வறுத்து, அங்கை செய்த மாதிரியே ஊத்தினாள். ஆசையோடை குடிச்சால், ஒண்டுமில்லை. தோடம்பழமும் இல்லை, தேனும் இல்லை. சப்பெண்டு கிடந்தது. பிள்ளைக்கு முகம் விழுந்துபோச்சு.

எனக்குக் காரணம் உடனை பிடிபட்டுது. கேத்திலைக் கவிட்டு அவளுக்குக் காட்டினன். அடியிலை வெள்ளைப் படை. எங்கடை நிலம் சுண்ணாம்புக்கல்லு. மழைத்தண்ணி அதுக்குள்ளாலை இறங்கிக் கிணத்துக்கு வரேக்கை சுண்ணாம்பையும் கரைச்சுக்கொண்டு வருது. மலைக்கோப்பியின்ரை வடிவே அந்த மெல்லிசான புளிப்புத்தான். எங்கடை தண்ணி அதை அமத்திப் போடும். பள்ளிக்கூடத்திலை அமிலமும் காரமும் படிப்பிச்ச அதே பாடம்தான் எண்டு நான் கொஞ்சம் கூடவே விளக்கம் குடுத்திட்டன். அவள் அதை அப்பிடியே போனிலை மோகனுக்குச் சொல்லியிருக்கிறாள்.

தண்ணியிலை இப்பிடிக் கவனம் பாக்கிறது எங்கடை வீட்டுக்குப் புதிசில்லை. அண்ணை ஒருக்கால் கடற்கரைப் பக்கம் காணி குத்தகைக்கு எடுத்துப் புகையிலை வைச்சவர். அங்கத்தைக் கிணறு உவர். நாத்து வேர் பிடிக்குமட்டும் இணுவில் கிணத்துத் தண்ணியைக் கான் கானாச் சைக்கிளிலை கட்டிக்கொண்டு போய் ஊத்தினார். ஊர் முழுக்கச் சிரிச்சது. "கிணறு இருக்கிற காணிக்குத் தண்ணி காவுற விசரன்," எண்டு கடையிலை வைச்சே பகிடி பண்ணினவை. அவர் காதிலை விழுத்தேல்லை. நாத்து நிண்டுது.

வான் வந்து நிண்டது

சரி, கரிஞ்ச கொட்டைக்கு வாறன். அழுது முடிச்ச தர்சினி முகம் கழுவினாள். மச்சாளுக்கு விசயத்தை விளங்கப்படுத்தினன். பாவம், மனிசி நெஞ்சிலை கை வைச்சுக்கொண்டு, "எனக்கு ஆர் சொன்னது? கோப்பியைக் கறுப்பா வறுக்காமல் வேறை எப்பிடி வறுக்கிறது?" எண்டா. அதுவும் நியாயம்தான். எங்கடை சீமையிலை ஆரைக் கேட்டாலும் அதைத்தான் செய்திருப்பினம்.

அதுக்குள்ளை வான் வந்து படலையடியிலை நிண்டிட்டுது. பார்வதி அம்மா, மோகன், அவையின்ரை சொந்தத்திலை ஒரு வயதான தம்பதி. அண்ணை வெள்ளை வேட்டியோடை வாசலுக்குப் போய்க் கும்பிட்டு, "வாங்கோ, வாங்கோ," எண்டார். நல்ல சகுனம் எண்டு நான் மூச்சு விட்டன்.

அப்ப மோகன் வானுக்குள்ளையிருந்து ஒரு பெரிய நீலப் பிளாஸ்டிக் கானை இறக்கினான்.

"உது என்ன தம்பி?" எண்டார் அண்ணை.

"தண்ணிங்க ஐயா. எங்க ஊத்துத் தண்ணி."

நான் குடுத்த இரசாயன விளக்கம் கானுக்குள்ளை ஏறி இருநூறு மைல் கட்டைக்கு மேலை பிரயாணம் செய்து எங்கடை படலைக்கு வந்து நிக்குது!

வேறை ஊர் ஆக்களுக்கு இதின்ரை கனம் விளங்காது. பெண் கேட்டு வாற வீட்டுக்குத் தங்கடை தண்ணியைக் காவிக்கொண்டு வாறதெண்டால், உன்ரை கிணத்துத் தண்ணி எனக்கு ஆகாது எண்டு முகத்துக்கு நேரை சொல்லுறது. எங்கடை ஆக்கள் எத்தினை பேற்றை வாசலிலை நிண்டு தண்ணி வேண்டாமெண்டு வந்தவை! அந்தக் கணக்கு அண்ணைக்குத் தெரியாததில்லை. அவற்றை முகம் இறுகிப்போச்சு. உள்ளுக்கு வந்து கதிரையிலை இருந்தார். தர்சினி கதவு நிலையைப் பிடிச்சுக்கொண்டு என்னைப் பாக்கிறாள். நான் எங்கை பாக்கிறது?

மச்சாள் கோப்பி கொண்டு வந்தா. எல்லாருக்கும் முன்னாலை ஒவ்வொரு பேணி. கறுப்பெண்டால் அப்பிடி ஒரு கறுப்பு. மல்லி மணம் விறாந்தையைத் தூக்கினது. மோகன் பேணிக்குள்ளை பாத்தான், பிறகு தர்சினியின்ரை அழுத முகத்தைப் பாத்தான். தங்கடை கொட்டை எண்டு விளங்கியிட்டுது. பேணியைக் கையிலை எடுத்து, மச்சாளைப் பாத்துச் சிரிச்சான். நல்ல பொடியன்.

அண்ணை தன்ரை பேணியைத் தொடேல்லை.

"நான் ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது," எண்டார். "எங்கடை கிணத்துத் தண்ணி உங்களுக்கு ஆகாதோ?"

நான் வாயைத் திறந்தன். இவர் மெல்ல என்ரை கையைப் பிடிச்சார். மூடியிட்டன்.

பார்வதி அம்மா பதறேல்லை. நேரை அண்ணையைப் பாத்துச் சொன்னா. "எங்களுக்கு ஆகும்ங்க ஐயா. எங்க கோப்பிக்குத்தான் ஆகலையாம், தர்சினி புள்ள சொல்லிச்சு. வருசம் பூராப் பாத்துப் பாத்து வளத்தத, மொத மொதல்ல ஒங்களுக்குக் குடுக்கிறோம். ருசி கெட்டுப் போகக் கூடாதுல்ல? அதான் அது குடிச்சு வளந்த தண்ணியவே கொண்டாந்தோம்."

சொல்லிப்போட்டுத் தன்ரை பேணியை எடுத்தா. ஊதினா. குடிச்சா. முகம் ஒருக்காச் சுளிச்சது. பிறகும் குடிச்சா.

"எங்க கொட்டையா இது?"

"ஓம்," எண்டன், ஒரு சின்னக் குரலிலை. "தெரியாமல் வறுத்துப்போட்டம்."

"எங்க கொட்டைய இந்தக் கரி கரிச்சவங்க யாரும் இல்லைங்கம்மா!" எண்டு அவா குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சா. மச்சாளும் வெக்கத்தோடை சிரிச்சா. "ஆனா தொண்டைக்கு எதமா இருக்கு. இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க." அடிமட்டும் குடிச்சுப்போட்டுப் பேணியை நீட்டினா. எங்கடை கிணத்துத் தண்ணியிலை ஊத்தின கோப்பி, ஒரு சொட்டு மிச்சமில்லை.

எனக்குக் கண் நிறைஞ்சுபோச்சு. என்ன மனிசியப்பா இவா! அந்த விறைக்கிற தண்ணிக்குள்ளை கை விட்டுக் கழுவினதெல்லாம் கரியாப் போய்க் கிடக்கு, அவா அதைக் குடிச்சுக்கொண்டு சிரிக்கிறா.

அண்ணை எழும்பினார். நேரை கானடிக்குப் போனார். குந்தியிருந்து மூடியைத் திருகினார். உள்ளங்கையிலை கொஞ்சம் ஊத்தி மணந்து பாத்தார். நாத்துக்குத் தண்ணி விடேக்கை பாக்கிற அதே பாவனை.

"உவ்வளவு தூரம் காவினனியளோ?"

"ஆமாங்க ஐயா. மோகன் மடியிலயே வச்சிருந்தான். வளைவு வளைவா வருமே, சிந்திப் போயிரும்னு," எண்டா பார்வதி அம்மா.

அண்ணை ஒருக்கால் மோகனை நிமிந்து பாத்தார். பிறகு என்னட்டை ஒரு வெறும் பேணி கேட்டார். அவர் பேணியை நீட்ட, பார்வதி அம்மா எழும்பி வந்து கானைச் சரிச்சு ஊத்தினா. அண்ணாந்து மடமடவெண்டு குடிச்சார். வாயைத் துடைச்சார்.

"நல்ல தண்ணி," எண்டார். போய் இருந்திட்டார்.

இப்ப நாங்கள் எல்லாரும் முழிக்கிறம். குடிச்சது தண்ணி. அவருக்கெண்டு வைச்ச கோப்பி வைச்ச இடத்திலையே கிடக்கு. எங்கடை வீட்டுச் சட்டத்திலை தண்ணிக்கு ஒரு விதியும் எழுதிக் கிடக்கேல்லை. இவர் என்ரை காதுக்குள்ளை, "இது ஓமோ, இல்லையோ?" எண்டு கேக்கிறார். எனக்கெங்கை தெரியும்!

மத்தியானம் சாப்பாடு முடிஞ்சது. அண்ணை மோகனைக் கூட்டிக்கொண்டு வாழைத்தோட்டம் சுத்தினார். கோப்பிச் செடிக்கு என்ன பசளை, இலைநோய்க்கு என்ன செய்யிறியள் எண்டெல்லாம் கேட்டாராம். ஆனால் கலியாணத்தைப் பற்றி ஒரு மூச்சு விடேல்லை. தர்சினி ஒரு கவளம் சோறும் ஒழுங்கா உண்ணேல்லை.

அவை வெளிக்கிடுற நேரமும் வந்திட்டுது. மச்சாள் கானிலை மிஞ்சின தண்ணியைக் குடத்திலை ஊத்தி வைச்சிட்டு, அந்தக் கறுத்தக் கோப்பித்தூளை ஒரு போத்தலிலை அடைச்சுக் குடுத்தா. எல்லாரும் வானுக்குள்ளை ஏறியிட்டினம். அண்ணையைக் காணேல்லை. தர்சினியின்ரை முகத்தைப் பாக்க எனக்குத் தைரியமில்லை. அண்ணை வழியனுப்பக்கூட வரேல்லை எண்டால் அதுக்கு வேறை என்ன அர்த்தம்?

அப்ப கிணத்தடிப் பக்கமிருந்து, "கொஞ்சம் பொறுங்கோ!" எண்டு ஒரு குரல்.

அண்ணை வாறார். வெள்ளை வேட்டி முழங்கால் மட்டும் நனைஞ்சு கிடக்கு. தோளிலை அந்த நீலக் கான். நிறைஞ்சு, நடக்க நடக்கத் தளும்பிச் சேட்டெல்லாம் ஈரம். மோகன் குதிச்சு இறங்கி வாங்கப் போனான். அண்ணை குடுக்கேல்லை. தானே கொண்டு வந்து, பார்வதி அம்மாவின்ரை காலடியிலை, சரியாமல் பாத்து வைச்சார்.

"கொட்டை உங்கடை, தண்ணி எங்கடை," எண்டார். "வீட்டை போய்ப் போட்டுக் குடியுங்கோ, சம்பந்தி."